தம்பியின் பூஸ்ட் பெடல்

ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் விட்டு விட்டு வந்தது. கம்பியைத் தொடாதபோது அது ஒரே சீராக இரைய வேண்டும். இருபது வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? இதுவோ நாலு எண்ணும் நேரம் இரைந்து, நாலு எண்ணும் நேரம் அடங்கியது.

மதியம் மூன்று மணி. மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தம்பி பைக்கிலிருந்து விழுந்து செத்துப் பத்தொன்பது நாள் ஆகியும் இவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று உறவுக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டான். மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல நாட்கள் போயின. இன்றுதான் தம்பியின் அறையைத் திறந்து, தூசியும் சூடான ஒயர் வாடையும் மூக்கில் ஏற, அவனுடைய கிட்டாரைச் சொருகினான்.

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே காலால் மிதிக்கிற பெடல்களை எந்த வரிசையில் வைப்பது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் ஓயாத சண்டை. அண்ணன், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு, ஒலியை ஏற்றிவிடும் பூஸ்ட்டை வைப்பான். சத்தம் மட்டும் கூடும். தம்பி பூஸ்ட்டை முன்னால் போடுவான்; நகம் உரசினால்கூடக் கரகரவென்று அலறும். பூஸ்ட்டுக்குப் பாரபட்சமே கிடையாது, உள்ளே வருவதை எல்லாம் தூக்கிவிடும். இன்று தம்பி விட்டுப்போன வரிசையை இவன் மாற்றவில்லை.

பூஸ்ட் குமிழைத் திருகினான். இரைச்சலுக்குள் ஒரு மூச்சு. இன்னும் கொஞ்சம்.

"அண்ணா."

தம்பியேதான். ஒரே ஒரு தடவை அவனோடு பேசிவிட்டால் போதும், அழுதுவிடலாம். திருகினான்.

"ஏத்தாத அண்ணா. என் பின்னாடி ஒண்ணு நிக்குது. நீ ஏத்தினா அதுவும் சேர்ந்து ஏறுது."

"நீ பேசுடா. நான் கேக்கணும்."

கடைசிவரை திருகிவிட்டான். தம்பியின் குரல் கரகரப்பில் நசுங்கியது. அதன் மேல் வேறொரு மூச்சு. பெரியது. ஈரமானது.

பெடலை மிதித்து அணைத்தான். தம்பி போய்விட்டான். மூச்சு போகவில்லை. ஆம்ப்பை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கினான். போகவில்லை.

ஸ்பீக்கரை மூடிய துணி மெல்ல உப்பியது. தணிந்தது. உப்பியது.

"அண்," என்றது. பிறகு, "அண்ணா." இரண்டாவது தடவை, தம்பியின் குரலுக்குக் கொஞ்சம் கிட்டே.

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "யாருங்க வந்திருக்கா? அப்படியே உங்க தம்பி மாதிரியே பேசுறாங்க."

துணியின் உப்பல் மெதுவாக நகர்ந்து அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது.