நாற்பத்திரண்டாவது சரபம்

நாற்பத்தொன்றாவது மூக்கும் யாருக்கும் பிடிக்கவில்லை.

ஒரகடத்தில் ஆலையின் காட்சிக்கூடம். சனிக்கிழமை காலை. முப்பது பேர் ஒரு காரைச் சுற்றி நின்று அதன் முகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். தூண் ஓரமாக நின்ற சிந்துஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூக்கை வரைந்தவள் அவள். அதற்கு முந்தைய நாற்பது மூக்குகளை வரைந்தவளும் அவள்தான். வயது ஐம்பத்திரண்டு. ஆறு வருடமாக இதே சனிக்கிழமை.

காரின் பெயர் சரபம். எழுபதுகளில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன நிறுவனம் ஏழே வருடம் செய்து, பிறகு மூடிப்போனது. நீண்ட பானெட், குறுகிய டிக்கி, எட்டு சிலிண்டர் எஞ்சின். தெருமுனையில் வரும்போதே வீட்டுச் சன்னல்கள் அதிரும் என்பார்கள். பாதி நாள் ஓடாது என்பதையும் அவர்களே சொல்வார்கள். இருந்தும் அதை வைத்திருந்தவர்கள் அதை விடவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று இன்றைய நிறுவனம் அறிவித்தபோது, இந்த முப்பது பேரும் சேர்ந்த சரபம் சங்கம் இனிப்பு வழங்கியது. சங்கம் சந்தோஷமாக இருந்த கடைசி நாள் அதுதான் என்று சிந்துஜா நினைத்துக்கொள்வாள்.

இப்போது கார் என்றால் அடித்தட்டு ஒன்று, ஓடு ஒன்று. மின்கலம், சக்கரம், தானே ஓட்டிக்கொள்ளும் மூளை எல்லாம் அடித்தட்டில் இருக்கும். அது எல்லாக் கார்களுக்கும் ஒன்றுதான். அதன் மேல் கவிழ்க்கும் ஓடு மட்டும் வேறு வேறு. வரைபடத்தை அனுப்பினால் வார்ப்பறை ஆறு மணி நேரத்தில் ஓட்டை வெளியே தள்ளும். பிடிக்கவில்லையென்றால் அதையே உருக்கி அடுத்ததை வார்க்கலாம். எந்த வண்டி வேகம், எது பாரம் இழுக்கும் என்று சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. சண்டை மட்டும் மிச்சம் இருந்தது. ஆகவே அது மொத்தமும் தோற்றத்தின் தலையில் வந்து விழுந்தது.

"இது மூக்கா மேடம்? தும்மப் போறவன் மூஞ்சி மாதிரி இருக்கு," என்றார் முபாரக். விபத்து வண்டிகளைப் பார்த்துச் சேதம் மதிப்பிடும் வேலை செய்தவர். எங்கே போனாலும் சட்டைப்பையில் அளவு நாடா இருக்கும்.

"ஹெட்லைட்டு ரெண்டு வெரக்கடை கீழ எறங்கிக் கெடக்கு," என்றார் சங்கத் தலைவர் ஜெபசிங். தூத்துக்குடிக்காரர், தாம்பரத்தில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு.

"கீழ இறக்கச் சொன்னதே நீங்கதான் சார். முப்பத்தெட்டாவதுல," என்றாள் சிந்துஜா.

"நான் சொன்னது ஒத்த வெரலும்மா."

 அவர்கள் சொன்னதெல்லாம் அவள் மேசையில் குறிப்பாக இருந்தது. யார் சொன்னதையும் அவள் விட்டதில்லை. முபாரக் கேட்ட மூக்கில் ஜெபசிங் கேட்ட விளக்கை வைத்து, வேறொருவர் கேட்ட பானெட்டை அதன் மேல் ஏற்றி, நாற்பத்தொரு முறை எல்லாருக்கும் நல்லவளாக இருந்து பார்த்துவிட்டாள். அலுத்துப்போயிருந்தது. கையிலோ முதுகிலோ இருக்கும் அலுப்பு இல்லை. தூங்கினாலும் போகாத அலுப்பு.

மதியம் சாப்பாடு. சங்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் உட்காருமுன் ஒவ்வொருவரும் வண்டியில் ஒரு குறை சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு இலை கிடையாது. உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் தொடங்கியது இது. உன் வண்டியில் என்ன கோளாறு என்று சொன்னால்தானே இன்னொருவர் வழி சொல்ல முடியும். பழைய சரபத்தை வைத்துக்கொண்டு யாரும் பட்டினி கிடந்ததில்லை. அன்றும் யாரும் கிடக்கவில்லை. குறை சொல்லிச் சொல்லிப் பந்தி நான்கு மணி வரை நடந்தது.

மாலையில் தயாரிப்புத் தலைவர் ஹரீஷ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். திரையில் எண் ஒன்று மின்னியது. எண்பத்தாறு.

அந்த வாரம்தான் மனக்காப்பு வந்திருந்தது. மணிக்கட்டில் வளையலைப் போல மாட்டிக்கொள்வது. நாடித்துடிப்பு, தோலின் ஈரம், நரம்பில் ஓடும் மின்சாரம் இவற்றைப் படித்து, மாட்டியிருப்பவர் உள்ளுக்குள் எவ்வளவு நிறைவாக இருக்கிறார் என்று நூற்றுக்கு எண் போடும். வாய் சொல்வதை வைத்துக் கார் செய்ய முடியாது என்று நிறுவனம் முடிவுக்கு வர ஆறு வருடம் ஆனது. முப்பது பேருக்கும் அன்று காலையில் மாட்டிவிட்டிருந்தார்கள்.

"திட்டிட்டே இருக்காங்க, எண்பத்தாறு காட்டுது. மெஷின் ரிப்பேர் போல," என்றான் ஹரீஷ். "இன்னும் ஒரு தடவதான் மேடம். மேல சொல்லிட்டாங்க. அதுவும் வரலேன்னா கை வரைபடத்த நிறுத்திட்டு மொத்தமா வரைவிகிட்ட விட்டுடுவோம்."

வரைவி என்பது வரையும் எந்திரம். உலகத்தில் ஓடிய அத்தனை கார்களும் அதற்குத் தெரியும்.

"அப்ப ஒண்ணு கேக்கறேன்," என்றாள் சிந்துஜா. "இந்த ஒரு தடவ யார் சொல்றதையும் கேக்காம வரையறேன். ஓடலேன்னா என் மேசைய எடுத்துக்கோங்க."

ஹரீஷ் தோளைக் குலுக்கினான். அவனும் களைத்திருந்தான்.

ஒன்பது நாள் வரைந்தாள். முப்பது வருட வேலையில் அவள் வரைந்தது எதுவும் அவள் வரைந்தபடி தெருவுக்குப் போனதில்லை. ஒன்றாவது போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வெட்கப்படுகிற அளவுக்கு ஆசை. பழைய சரபத்தின் படங்களை மூடிவைத்துவிட்டு, நினைவில் நின்றதை மட்டும் வரைந்தாள். நின்றது ஒரு கோடு. முன்விளக்கில் தொடங்கி, கதவைக் கடந்து, பின்சக்கரத்துக்கு மேல் சற்றே எழும்பி, டிக்கியில் இறங்கி முடிகிற கோடு. அது எங்கும் உடையாமல் போகும்படி மற்ற எல்லாவற்றையும் அமைத்தாள்.

அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை துணியை விலக்கினார்கள். 

ஜெபசிங் இரண்டு சுற்று சுற்றி வந்தார். கூரை மேல் கையை வைத்தார், எடுத்தார். முபாரக் நாடாவை வெளியே எடுத்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பப் பைக்குள் போட்டார்.

"நல்லாருக்கு," என்றார்.

"ஆமா, நல்லாருக்கு," என்றார்கள் ஜெபசிங்கைத் தவிர மற்றவர்கள்.

பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. காபி ஆறிப்போனது. பந்தியில் குறை சொல்ல வேண்டுமே என்று ஒருவர் டயரைப் பற்றி ஏதோ இழுத்தார். டயர் அடித்தட்டைச் சேர்ந்தது, அதைப் பேசி என்ன பயன். அன்று மட்டும் வழக்கத்தைத் தளர்த்தி, எல்லாரும் சீக்கிரமாகச் சாப்பிட்டார்கள். ஒன்றரை மணிக்குக் கூடம் காலி. போகும்போது ஒருவர் முகத்திலும் வெளிச்சம் இல்லை.

திரையில் முப்பத்துநான்கு.

"மெஷின் ரிப்பேர் இல்ல மேடம். ரெண்டு தடவ செக் பண்ணிட்டேன்," என்றான் ஹரீஷ். அவன் குரலில் ஏளனம் இல்லை. "அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பிடிச்சதுக்கப்புறம் செய்ய ஒண்ணுமில்ல. அந்த நாப்பத்தொண்ணுல அவங்க சந்தோஷமா இருந்தாங்க."

இரண்டு எண்களையும் வரைவியிடம் கொடுத்தார்கள். நான்கே வினாடியில் நாற்பத்துமூன்றாவதைப் போட்டது. சிந்துஜா வரைந்த அதே கார்தான். டிக்கியை மட்டும் நான்கு விரல் தூக்கி, பானெட்டில் காற்றே போகாத ஒரு காற்றுத் துளையை ஒட்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமை அதைப் பார்த்துச் சங்கம் மாலை ஆறு வரை கத்தியது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை. முபாரக் தரையில் படுத்து அளந்தார். எண் தொண்ணூற்றொன்று. போகும்போது கூடத்தின் வாசலிலேயே பாதிப் பேர் முன்பதிவு செய்தார்கள்.

மூன்று மாதத்தில் ஊரெங்கும் நாற்பத்துமூன்றுகள் ஓடின. அதை வாங்கியவர்கள் எல்லாரும் அதன் டிக்கியை வெறுத்தார்கள், ஒன்றாகக் கூடி வெறுத்தார்கள். பருவத்துக்கு ஒரு புதுக் குறை வேண்டும் என்று நிறுவனம் தீர்மானித்தது. அங்கேதான் வரைவி தடுமாறியது. அது போட்ட குறைகள் சில யார் கண்ணிலும் படவில்லை. சில வண்டியையே கேலிப்பொருளாக்கின.

"அழகு எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான எங்க கெடுக்கணும்னு தெரியும்," என்றான் ஹரீஷ். சிந்துஜாவின் மேசை அவளிடமே இருந்தது. பதவியின் பெயர் மட்டும் குறை வடிவமைப்பாளர் என்று மாறியது. அவள் மறுக்கவில்லை. வேறு வேலை தேடிப் போகும் தெம்பு அவளிடம் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜெபசிங் தனியாக வந்தார்.

"அந்த நாப்பத்திரண்டு. அதுல எனக்கு ஒண்ணு வார்த்துத் தாங்கம்மா."

"அன்னைக்கு ஒண்ணுமே சொல்லலியே சார்."

"என்னத்தச் சொல்ல? பேச்சு வரல. வீட்டுக்குப் போயி அழுதேன்."

சிந்துஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு வருடத்தில் முதல் முறையாக அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அனுமதி யாரிடமும் கேட்கவில்லை. காலை ஒன்பதுக்கு வார்ப்பறையை ஓட்டினாள். மூன்று மணிக்கு ஓடு வந்தது. நாற்பத்திரண்டாவது சரபம், உலகத்தில் ஒன்றே ஒன்று, வண்டலூர் சாலையில் திரும்பி மறையும்வரை வாசலில் நின்று பார்த்தாள். அந்தக் கோடு கடைசிவரை உடையவில்லை.

ஐந்து வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். வண்டி துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அவர்தான் வாடியிருந்தார்.

"வண்டியில ஏதாவது கோளாறா சார்?"

"ஒரு கோளாறும் இல்ல. அதாம்மா கோளாறு."

உட்காரச் சொன்னாள். தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னார். சங்கக் கூட்டத்தில் எல்லாரும் டிக்கியைப் பற்றிக் கொதிக்கிறார்கள். இவர் வண்டியிடம் வருவார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், நல்லாருக்கு என்பார்கள், திரும்பவும் அங்கே போய்விடுவார்கள். இவரிடம் பேச யாருக்கும் எதுவும் இல்லை.

"சாப்பாடு?" என்றாள் சிந்துஜா.

"அஞ்சு வாரமா எனக்கு எல போடல. தலைவருக்கே வழக்கத்தத் தளத்துனா சங்கம் என்னத்துக்குங்கானுவ. நியாயந்தான? கூட்டத்துக்கு வெளிய கார்லயே உக்காந்து தயிர்சாதம் திங்கேன்."

"பொய்யா ஒண்ணு சொல்லிருக்கலாமே."

"சொல்லிப் பாத்தேன். சைடு கண்ணாடி சின்னதுன்னேன். முபாரக்கு நாடாவ வச்சு அளந்துட்டு, சரியாத்தான இருக்குன்னுட்டான்." அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "சாப்பாட்ட விடுங்க. பழைய வண்டி இருக்கயில ஞாயித்துக்கெழம பூரா அதுக்கு அடியிலதான் கெடப்பேன். ஏசிக்கிட்டே கெடப்பேன். இப்ப காலைல எந்திச்சு இதப் பாக்கேன். அழகா நிக்கி. அதுக்கு நான் வேண்டாம்." அவர் குரல் தணிந்தது. "எங்கயாச்சும் கொஞ்சம் கெடுத்துத் தாங்கம்மா. சின்னதாப் போதும்."

அவளுக்குக் கோபம் வந்தது. தன் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் என்று சொல்ல நினைத்தாள். வேறு யாராவது கேட்டிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பாள். அழுதேன் என்று சொன்ன மனிதர் கேட்கிறார்.

"எங்க வேணும்?" என்றாள்.

"டிக்கியத் தூக்கிருங்க."

"டிக்கி எல்லாருக்கும் இருக்கு. அதுல பேச என்ன இருக்கு?" எழுந்து வண்டியிடம் போனாள். முன்னிருந்து பின்னாக ஒருமுறை நடந்தாள். பின்சக்கரத்துக்கு மேல், கோடு எழும்பத் தொடங்கும் இடத்தில் அவள் விரல் தானாக நின்றது. "இங்க. மட்கார்டு மேல. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு. மொதல்ல பாத்தா தெரியாது. ஒருதடவ தெரிஞ்சிடுச்சுன்னா அப்புறம் வேற எதுவும் தெரியாது."

ஜெபசிங் குனிந்து பார்த்தார். "அங்க வச்சா லைட்டு மேல சாஞ்ச மாதிரி ஆயிருமே."

"ஆகாது. வெளியில மடிச்சாத்தான் சாயும். நான் உள்பக்கமா மடிக்கறேன்."

"உள்பக்கம் மடிச்சா சக்கரத்தத் திங்கிற மாதிரி இருக்குமேம்மா."

"அதானே சார் வேணும்."

"அதுக்கில்ல, மடிப்பு கதவத் தொட்டா அசிங்கமாயிரும். அதுக்கு மின்னாடியே முடியணும்."

"முடிச்சா யார் கண்ணுலயும் படாது. கதவுல ஏறணும்."

அவர் மாட்டேன் என்றார். அவள் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினாள். அவர் பென்சிலைப் பிடுங்கி அதன் மேலேயே வேறு மாதிரி போட்டார். யாரோ கொண்டுவந்து வைத்த டீயை இரண்டு பேரும் தொடவில்லை. அவள் குரல் உயர்ந்திருந்தது. களைப்பு எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை, தேடவும் இல்லை. கடைசியில் மடிப்பு கதவில் பாதி ஏறுவதாக முடிவாகி, அது எந்தப் பாதி என்று அடுத்த வழக்கு ஆரம்பித்தது.

வழக்கை நிறுத்தாமலே சிந்துஜா வரைபடத்தைத் திருத்தி வார்ப்பறைக்கு அனுப்பினாள். திரையில் வரைவி ஒரு கேள்வி கேட்டது. பழைய வரைவைத் தனியாக வைத்துக்கொள்ளவா, இதை அதன் மேலேயே எழுதிவிடவா?

"கதவு கைப்பிடிக்கு மேல போனா நான் எடுத்துக்கிட மாட்டேன், ஆமா," என்றார் ஜெபசிங்.

"கைப்பிடிக்குக் கீழ போனா அது மடிப்பே இல்ல சார், ஒடுக்கு," என்றாள் சிந்துஜா, அவரைப் பார்த்தபடியே மேலேயே எழுது என்பதை அழுத்தினாள்.

அவர்களுக்குப் பின்னால் பாரந்தூக்கி வந்து, நாற்பத்திரண்டாவது ஓட்டை அடித்தட்டிலிருந்து கழற்றி உலைக்குள் இறக்கியது. இரண்டு பேரும் தாளின் மேல் குனிந்து கைப்பிடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.