சுமக்காத தண்ணீர்

காலையில் புறப்படும்போது ஸ்தானா தன் கையாலேயே நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் செருகி வைத்த தண்ணீர் பாட்டில், முதல் சூரியகாந்தி வயலைத் தாண்டுவதற்குள் பாதியாகியிருந்தது. மூடி திருகியது திருகியபடியே இருந்தது. கீழே ஈரமும் இல்லை.

“நீ குடிச்சியா?” என்று கேட்டான் அவள் கணவன் தோமா.

“இல்லையே.”

“அப்போ வண்டிதான் குடிச்சிருக்கும். கிழட்டு வண்டி, பெட்ரோல் அலுத்துப்போச்சு போல.”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தோமாவுக்கு இத்தாலியில் கட்டட வேலை; ஆகஸ்டில்தான் நீண்ட விடுமுறை. ஈஸ்டர் கழிந்து இறந்துபோன அவன் அம்மா லெயோன்தினா, ஆயுள் முழுக்கக் குடைமிளகாய் மூட்டைகளோடு அலைந்த சந்தை ஊர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவர வேண்டும் என்று அவனுக்கு ஆசை. டான்யூப் ஆற்றுக்கு வடக்கே அந்தச் சமவெளியில் ஊர்கள் ஒன்றைப் போலவே ஒன்று வந்துபோயின: தானியக் கிடங்கு, மின்கம்பத்தின் உச்சியில் நாரைக்கூடு, வேலியோரம் வாத்துகள், வெயிலுக்குக் கதவடைத்த கடைகள், தூசியோடு கலந்துவரும் தக்காளிச் செடியின் பச்சை வாடை. ஒவ்வொரு ஊரிலும் தோமா வண்டியை நிறுத்தி, “இங்கதான் அம்மா கடை போடுவா” என்று காட்டினான். ஒவ்வொரு முறையும் எஞ்சின் அடங்கிய பிறகும், பின்னால் எங்கோ தகரத்தில் டக், டக் என்று ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. ஆணி கழன்றிருக்கும் என்றான் தோமா.

நடுப்பகலில் ஒரு ஊரின் முகப்பில் தர்பூசணி குவித்து வைத்திருந்த பெண்ணிடம் நின்றார்கள். தோமாவின் உதடுகள் வெடித்து வெள்ளையாகிக் கிடந்தன.

“நல்லதா ஒண்ணு வெட்டுங்க அக்கா. தாகம் உயிர் போகுது.”

“எங்கிட்ட கெட்டதே கிடையாது தம்பி. நான்தான் கொஞ்சம் மோசம்” என்றபடி அவள் கத்தியை இறக்கினாள். பழம் சத்தமில்லாமல் பிளந்தது. உள்ளே சிவப்பு இருந்தது, சாறு இல்லை. பழைய மெத்தைப் பஞ்சு போல வறண்டு கிடந்தது. அவள் முகம் சுருங்கிற்று. இன்னொன்றை வெட்டினாள். அதுவும் பஞ்சு.

“காலையில வெட்டினதெல்லாம் முழங்கை வரைக்கும் ஒழுகிச்சே!” கத்தியைத் துடைத்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “உங்க வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?”

“எங்க அம்மா.”

“தண்ணி சுமந்தீங்களா?”

“என் பொண்டாட்டி சுமந்தாளே!” தோமா ஸ்தானாவின் தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டான். “நாப்பது நாளும் விடாம பக்கத்து வீட்டுக்குச் சுமந்தா. பெத்த பொண்ணுகூட இப்படிச் செய்ய மாட்டா. கடைசி நாள் ஆத்தங்கரையில, எல்லா நாளும் சுமந்தேன்னு சூரியனைச் சாட்சி வெச்சு அவ சொன்னப்போ, லீவு போட்டு வந்து நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“அப்படின்னா சரி” என்றாள் அந்தப் பெண். ஆனால் ஸ்தானாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்லைன்னா இப்பவே சொல்லிடு தங்கச்சி.”

சொல்லியிருக்கலாம். தோமாவின் கை தோளில் கனத்தது. ஸ்தானா வண்டியை நோக்கி நடந்தாள்.

இறந்தவர் பெயரால் கொண்டுபோகும் தண்ணீரை யாராவது வாங்கி, வாழ்த்திக் குடித்தால்தான் அது மறுவுலகில் அவரிடம் போய்ச் சேரும், அவர் தாகம் தீரும். பக்கத்து வீட்டுச் சாவெத்தா பாதியிலேயே மகள் ஊருக்குப் போய்விட்டாள். பூட்டிய கதவின் முன் ஸ்தானா வாளியை வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கோழிகள் அதைக் கவிழ்த்திருந்தன. மறுநாள் வேறு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. போகாமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. அதற்கும் முன்னால், மாமியாரின் நோயின் கடைசி நாட்களில், தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்தானா குவளையைக் கைக்கு எட்டாத ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவாள். “ஒரு வாய், மருமகளே.” கிழவி கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். டக், டக். ஸ்தானா கதவைச் சாத்திக்கொள்வாள்.

பொழுது சாயும் நேரம், இருபுறமும் சோளம் உயர்ந்து நின்ற சாலையில் வண்டி நின்றுவிட்டது. ரேடியேட்டரைத் திறந்தால் ஆவிகூட வரவில்லை. உள்ளே துரு மட்டும். தோமா பேச வாயெடுத்தான், காற்றுதான் வந்தது. அவன் கன்னங்கள் குழிந்திருந்தன. சாலையோரம் சிலுவையும் கூரையுமாக ஒரு கிணறு இருந்தது. ஸ்தானா ஓடினாள்.

வாளி தண்ணீரில் விழும் சத்தம் நன்றாகவே கேட்டது. இழுக்கும்போது கனத்தது. பாதிக் கிணறு ஏறியதும் கனம் குறைந்தது. மேலே வந்தபோது காலி. கயிறுகூட நனையவில்லை.

மறுபடி இறக்கினாள். காலி.

மறுபடி. காலி.

சோளத்தோகைகள் அசையவில்லை. காற்றில்லை.

வண்டிக்குள் தோமாவின் தலை சாய்ந்து கிடந்தது. அவன் காதில் விழாத தூரம்தான். ஸ்தானா கிணற்று விளிம்பில் குனிந்து, இருட்டைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

“நான் சுமக்கலை அத்தை. பாதியிலேயே விட்டுட்டேன். அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

மறுபடி இறக்கி இழுத்தாள். வாளி நிறைந்து வந்தது.

தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு ஓடி, அவன் மடியில் வைத்து, தலையைத் தாங்கிப் பிடித்தாள். அவன் குடித்தான். மூச்சு விடாமல் குடித்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தொண்டை அசையவில்லை. வாளி காலியானது. உதடு வெள்ளையாகவே இருந்தது.

“தோமா?”

அவன் கண்ணைத் திறந்தான். அவள் முகத்தை இனங்கண்டுகொண்டான். அவன் அவளை எப்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

“ஒரு வாய், மருமகளே.”

அவள் வாளியைப் பறித்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள். இறக்கினாள். இழுத்தாள். நிறைந்தது. கொண்டுபோனாள். காலி. மறுபடி ஓடினாள். உள்ளங்கை கிழிந்தது. கயிறு சிவந்தது. இருட்டிவிட்டது.

முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த கார்க் கதவின் தகரத்தில், விரல் முட்டியால் மெதுவாக, பொறுமையாக.

டக்.

டக்.

டக்.