சீசன் பெட்டியில் ஒரு கொசுறு!

பிணத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது.

பெட்டிக்காரருக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உயிரோடு இருந்தபோதும் இவன் இப்படித்தான்... வேண்டாத நேரத்தில் போன் அடிக்கும்!

குனிந்து எடுத்தார். திரையில் 'அக்கா' என்று இருந்தது. அந்த அக்கா வேறு யாரும் இல்லை. பெட்டிக்காரரின் மனைவி.

போனை அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ரயில் பெட்டியின் கோடியில் இருந்த போர்வை அறை அது. ஆள் ஒருவர் நிற்கத்தான் இடம். அடுக்கிய போர்வைகளுக்கும் தலையணைகளுக்கும் நடுவில் மச்சான் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். இரும்புத் தட்டின் முனையில் பின்மண்டை மோதியதோடு கதை முடிந்திருந்தது.

மோத வைத்தவர் பெட்டிக்காரர்.

கடலோரத்தில் தண்டவாளமே முடிந்துபோகிற ஸ்டேஷன் அது. சீசன் நாட்களில் மட்டும் அங்கிருந்து தொலைதூர நகரம் ஒன்றுக்கு வண்டி விடுவார்கள். அதில் எந்தப் பெட்டி முன்னால், எது பின்னால், எதைச் சேர்ப்பது, எதைக் கழற்றுவது என்று ஏற்பாடு செய்வது அவருடைய வேலை. அதனால் ஸ்டேஷனில் எல்லாருக்கும் அவர் பெட்டிக்காரர். நிஜப் பெயரைச் சம்பளம் போடுகிறவர் மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

மச்சானுக்குப் பெயர் கொசுறு!

கல்யாணத்தில் பெண்ணோடு சேர்ந்து வந்தவன், திரும்பிப் போகவே இல்லை. சாப்பிட்டான், தூங்கினான், மாமாவின் சட்டையைப் போட்டுக்கொண்டான். தொல்லை தாங்காமல் பெட்டிக்காரரே நாலு பேர் கையைக் காலைப் பிடித்து, வண்டியில் போர்வை கொடுக்கிற வேலையை அவனுக்கு வாங்கித் தந்தார். அதுவரை வீட்டில் மட்டும் இருந்த தலைவலி ஸ்டேஷனுக்கும் வந்து சேர்ந்தது.

அவனைக் கொல்ல வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்தவர்தான். ஆனால் இன்றைக்கு நினைக்கவில்லை...

யாரிடமும் சொல்லாமல் அந்தத் தூர நகரத்துக்கு மாற்றல் கேட்டிருந்தார். சீசன் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். தனியாக! மனைவியும் வேண்டாம், அவள் தம்பியும் வேண்டாம். எப்படியோ மோப்பம் பிடித்த கொசுறு, இன்று காலை போர்வை அறைக்குள் வைத்து விஷயத்தை உடைத்தான். அக்காவிடம் போட்டுக்கொடுப்பேன் என்று மிரட்டியிருந்தால்கூடப் பெட்டிக்காரர் காலில் விழுந்து சமாளித்திருப்பார்.

அவன் மிரட்டவில்லை.

"அக்கா வேணாம்னா விட்டுடுங்க மாமா. உங்க இஷ்டம். என்னை மட்டும் கூட்டிட்டுப் போயிடுங்க."

அந்த ஒரு வார்த்தையில்தான் கை நீண்டது.

அறையைப் பூட்டினார். யோசித்தார்.

இது சீசனுக்காகச் சேர்க்கிற கூடுதல் பெட்டி. இன்று மாலை சீசனின் கடைசி வண்டி. அந்த நகரத்தில் இதைக் கழற்றி, பூட்டி, அடுத்த சீசன் வரை கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள். மாசக்கணக்கில் ஒருவரும் தொட மாட்டார்கள். அதற்குள் யார் யாரோ எங்கேயோ போயிருப்பார்கள்!

பெட்டி கிளம்பினால் போதும். அவர் தப்பினார்.

மனசு லேசாகி, நடைமேடையில் இறங்கினார். எதிரில் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார்.

"சீசன் பெட்டியைக் கழட்டிடுங்க. கன்ட்ரோல் ரூம்ல இருந்து சொல்லிட்டாங்க."

பெட்டிக்காரர் அவர் வழியை மறித்தார்.

"ஏன் சார்?"

"ஆளே இல்லையே. காலிப் பெட்டியை எதுக்கு அவ்ளோ தூரம் இழுத்துட்டுப் போகணும்னு கேக்கறாங்க. நம்ம கொட்டகையிலேயே நிறுத்திடலாம்."

நம்ம கொட்டகை!

கடற்கரை உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் இங்கே நிறுத்துகிற பெட்டியை அன்றைக்கே காலி செய்து, எல்லாக் கதவையும் திறந்து, மூலை முடுக்கெல்லாம் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவித்தான் மூடுவார்கள். இந்த முறையைக் கொண்டுவந்ததே பெட்டிக்காரர்தான். அப்போது பாராட்டுக்கூட வாங்கினார்.

கன்ட்ரோலுக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். கிடைத்தது, ஆனால் எதிர்முனையில் ஒருவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். பெட்டிக்காரர் கெஞ்சினார். வண்டியின் அழகே கெட்டுவிடும் என்றார். மென்றவர் நிதானமாக விழுங்கிவிட்டு, பெட்டியில் பாதியாவது ஆள் நிரம்பினால் போகட்டும், இல்லாவிட்டால் கழற்று என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாதி! இதுவரை அந்தப் பெட்டிக்கு டிக்கெட் எடுத்தவர் ஒரே ஒருவர். அவரும் ஜன்னல் ஓரம் வேண்டாம் என்று வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்.

வேறு வழி? பிணத்தைப் பூட்டி வைத்துவிட்டு, பெட்டிக்காரர் பயணிகளைத் தேடித் தெருவில் இறங்கினார்.

கடற்கரை வெறிச்சென்றிருந்தது. பெரிய குடைகளை மடக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொசுறுவின் போனை ஒரு பாறையின் மேல் நின்று தண்ணீருக்குள் வீசினார். பிறகு மணலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த புதுசாகக் கல்யாணமான ஜோடியிடம் போனார். சண்டை. அவள் இன்றைக்கே ஊருக்குப் போக வேண்டும் என்கிறாள், அவன் மாட்டேன் என்கிறான். பெட்டிக்காரருக்கு வாயெல்லாம் பல். பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய மனுஷத்தனமாக நாலு வார்த்தை பேசினார். அவள் அழுதாள். அவன் மன்னிப்புக் கேட்டான். இருவரும் கைகோத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு வாரம் இங்கேயே இருப்பதாக முடிவு செய்தார்கள்.

பெட்டிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார்.

விடுதி விடுதியாக ஏறி இறங்கினார். ஒரு குடும்பம் நேற்றே போய்விட்டது. இன்னொரு குடும்பம் காரில் போகிறது. ஒரு கிழவர் உட்கார வைத்து ரயில்வே மேல் தனக்கிருந்த குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மாலை வண்டியில் வருகிறீர்களா என்று கேட்டபோது, தான் உள்ளூர்க்காரன் என்றார். செருப்பு அறுந்தது. இடையில் மனைவி போன் செய்து, தம்பி போனை எடுக்கவில்லையே, சாப்பிட்டானா என்று கேட்டாள். இவர் சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை.

ஊரின் கோடியில் பெரிய ஹோட்டல். சீசன் முடிந்து அதையும் மூடிக்கொண்டிருந்தார்கள்.

அங்கேதான் விடிந்தது!

சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், தோட்டக்காரர்கள்... சீசனுக்கு வந்து வேலை பார்த்த மொத்தக் கூட்டமும் நாளைக்குப் பஸ்ஸில் அந்தத் தூர நகரத்துக்கே திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. தலைமைச் சமையல்காரியைப் பிடித்தார். அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் கேட்கும் என்பது, அவர் கரண்டியைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

பஸ் எவ்வளவு மோசம், எத்தனை இடத்தில் நிற்கும், எங்கெல்லாம் கவிழும் என்று பெட்டிக்காரர் மூச்சுவிடாமல் விளக்கினார். அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே பெட்டில இடம் இருக்கா?"

"உங்களுக்காகவே ஒண்ணு வெச்சிருக்கேம்மா."

"அப்ப பாத்திரமும் வரும்."

வந்தது! மாலையில் ஸ்டேஷனுக்குள் ஒரு ஊரே நுழைந்தது. அண்டா, குண்டான், மூட்டை, சுருட்டிய பாய், கம்பளி. பாதி என்ன, பெட்டி பிதுங்கி வழிந்தது. கன்ட்ரோல்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, சரி போகட்டும் என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் பெட்டிக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம்தான் நிம்மதி. உள்ளேயிருந்து அம்மாளின் குரல் வந்தது. பாத்திரம் வைக்க அந்தப் பூட்டின அறையைத் திறக்க வேண்டுமாம்.

பெட்டிக்காரர் பாய்ந்து ஏறினார். சாவி தொலைந்துவிட்டது என்று சத்தியம் செய்தார். அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மொத்தப் பாத்திரத்தையும் அந்தக் கதவின் மேல் சாய்த்து அடுக்கச் சொன்னார். யானை வந்தாலும் இனி அந்தக் கதவைத் திறக்க முடியாது. பெட்டிக்காரருக்கு அந்த அம்மாளின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதோடு விட்டார்களா? பெட்டி தப்பான இடத்தில் இருக்கிறது, வண்டியின் கடைசியில்தான் இருக்க வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குத் திடீர் ஞானோதயம். எஞ்சின் வந்து இழுத்தது. தள்ளியது. மறுபடி இழுத்தது. ஒவ்வொரு இடிக்கும் அண்டாக்கள் கடகடவென்று ஆட, பெட்டிக்காரர் ஜன்னல் வழியாக அந்தக் கதவை எட்டி எட்டிப் பார்த்தார். கொக்கி மாட்டவில்லை. மாட்டியது. சிக்னல் விழவில்லை... விழவில்லை... விழுந்தது!

வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறைகிற வரை நின்று பார்த்தார். இந்த ஸ்டேஷனில் எத்தனையோ வண்டியை அனுப்பியவர், முதல் தடவையாகக் கையை ஆட்டினார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். தம்பி எங்கே என்றாள்.

"சீசன் பெட்டில போயிருக்கான். போர்வை கொடுக்க ஆள் வேணும்னு திடீர்னு சொல்லிட்டாங்க."

அவள் முகம் வாடியது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போக மாட்டானே" என்று முணுமுணுத்துக்கொண்டே தம்பிக்கு எடுத்து வைத்திருந்த சாப்பாட்டை மூடி வைத்தாள். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அதைப் பார்த்தபோது பெட்டிக்காரருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை. ஸ்டேஷன் காலி. பெட்டிக்காரர் மேஜையைத் துடைத்துக்கொண்டே மெல்ல விசிலடித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சாதிச்சிட்டீங்க! சீசனை நீட்டிச்சிட்டாங்க."

"என்ன சார் சொல்றீங்க?"

"கடைசி நாள்ல இவ்ளோ கூட்டமான்னு மேலிடத்துல அசந்து போயிட்டாங்க. உடனே அங்க இருந்தும் டிக்கெட் குடுத்துட்டாங்க. பெட்டியைக் கொட்டகைக்கே அனுப்பல. அப்படியே திருப்பிட்டாங்க. இதோ, வந்துட்டே இருக்கு."

பெட்டிக்காரரின் வாய் விசிலடித்த நிலையிலேயே நின்றது.

ஓடலாமா? எங்கே ஓடுவது? ஓடலாம் என்று கால் முடிவு செய்வதற்குள் ஊதல் கேட்டது. போகும்போது கடைசியில் போன பெட்டி, எஞ்சின் மறுகோடிக்கு மாறியதால், திரும்பும்போது முதல் பெட்டியாக வந்து, சரியாக அவர் முன்னால் நின்றது.

பயணிகள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் மாலையோடு மேலதிகாரி இறங்கினார். அவருக்கும் பின்னால், கைக்குட்டையால் மூக்கை மூடியபடி ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டர். நாற்றம் தாங்கவில்லை என்று பயணிகள் புகார் செய்ததால் வழியில் ஏறியவர். ஒல்லியான பெண்மணி. கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை சிரிக்கவில்லை.

மேலதிகாரி மாலையைப் பெட்டிக்காரரின் கழுத்தில் போட்டார். உங்களை மாதிரி ஆள் இங்கேதான் வேண்டும் என்றார். இதுவரைகூடப் பெட்டிக்காரர் தாங்கிக்கொண்டார்.

"அதனால உங்க மாற்றலை ரத்து பண்ணிட்டேன். தனிக்கட்டை, குடும்பம் குட்டி இல்லைன்னு சொன்னீங்களே... உங்களுக்கு எந்த ஊரா இருந்தா என்ன?"

"யாருக்குங்க குடும்பம் இல்ல?"

பெட்டிக்காரர் திரும்பினார். தூக்குப்பாத்திரத்தோடு நின்றிருந்தாள் மனைவி. பெட்டி திரும்பி வருகிறது என்று கேள்விப்பட்டு, தம்பிக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள்!

புருஷனை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவளாக மேலதிகாரியிடம் திரும்பி, இந்தப் பெட்டியில் போர்வை கொடுக்கிற பையன் இன்னும் இறங்கவில்லையே என்று கேட்டாள்.

மேலதிகாரி விழித்தார்.

"போர்வைக்காரரா? அப்படி யாரும் வரலையேம்மா. போர்வை அறை பூட்டியே கிடக்கு. வழி பூரா ஜனங்க குளிர்ல நடுங்கிட்டு வந்தாங்க."

"இல்லைங்க. என் தம்பி இதுலதான் போனான். இவர்தான் சொன்னார்."

மேலதிகாரி பெட்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மெதுவாக இறக்கினார். பெட்டிக்குள் பூட்டிய அறை இருந்த பக்கம் பார்த்தார். பெட்டிக்காரரைப் பார்த்தார். சாவியைக் கேட்டார். தொலைந்துவிட்டது என்று பெட்டிக்காரர் சொல்லி முடிப்பதற்குள், உதவி செய்கிற ஆசையில் ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துவர ஓடிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் மட்டும் உள்ளே போனார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தவர் நேராக மனைவியிடம் போய், அவள் கையிலிருந்த தூக்குப்பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தார். தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அவள் போட்ட அலறலில் எஞ்சின் டிரைவர்கூட எட்டிப் பார்த்தார். தம்பியின் பெயரை, யாருமே கூப்பிடாத அந்த நிஜப் பெயரை, திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

பெட்டிக்காரர் மாலையைக் கழற்றப் பார்த்தார். நார் சட்டைப் பொத்தானில் சிக்கிக்கொண்டு வரவில்லை. அதுகூட!

இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்தார்.

"தனியா இருக்கணும்னுதானே சார் மாற்றல் கேட்டீங்க? வாங்க, உங்களுக்குன்னு தனியா ஒரு அறையே தர்றோம். அது நிறையறதுக்கு நீங்க ஒருத்தரே போதும்."