நாற்பத்தோராவது பெயர்

மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் பிரிண்டரின் தலை ஒரு விரற்கடை நகர்ந்து நின்றதை ராஜமேரி பார்த்தாள். கம்பியைப் பிடுங்கிய குப்புராஜ் பார்க்கவில்லை.

1988, ஆடி மாதத்து மதியம். தருமபுரியில் அந்தக் கருங்கல் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து நான்கு மாதம்தான். காலையிலிருந்து குவாரி ஆட்களின் வருகைப் பட்டியலை அச்செடுக்கப் பார்க்கிறாள். நாற்பது பெயர் வரும். அதோடு திரை உறைந்துவிடும்.

"பிரிண்டர் கார்டு கெட்டிருக்குதுங்க. அதை ஓட்டற டிரைவர் புரோகிராமும் கோளாறு. அது சிக்கிக்கிட்டா மொத்த மெஷினும் நின்னுரும்," என்றார் பெங்களூரிலிருந்து பழுதுபார்க்க வந்திருந்த குப்புராஜ். கார்டை மாற்றினார். பிளாப்பியிலிருந்து புது டிரைவரை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நாற்பத்தோராவது பெயர் சென்னப்பன். திங்கட்கிழமை குவாரியில் கல் சரிந்து நசுங்கிச் செத்தவர். நேற்று மானேஜர் தீர்த்தகிரி சொன்னதால் அந்தப் பெயரை அவள்தான் அழித்தாள். சாவை விசாரிக்க நாளை லேபர் ஆபீசர் வருகிறார்.

மறுபடி அச்சுக்குக் கொடுத்தாள். சூடேறிய தூசி வாசனையும் ரிப்பன் மை வாசனையும் மூடிய அறையில் கலந்து தொண்டையை அடைக்க, ஊசிகளின் கிறீச்சொலிக்கு அடியில் வேறொரு சத்தம், உளி கல்லில் விழுவதுபோல, மெஷினுக்குள்ளிருந்து நிதானமாக வந்தது. முப்பத்தொன்பது. நாற்பது. திரை உறைந்தது. உளிச் சத்தம் நிற்கவில்லை.

தீர்த்தகிரி உள்ளே வந்தார். "ஏம்மா, இன்னுமா ஆவல?"

"சென்னப்பன் பேரைத் திரும்பப் போடறேனுங்க."

"டிரைவர் கோளாறுன்னுதான சொன்னாரு?"

"அது கோளாறாவே இருக்கட்டுங்க. பொய்ய அடிச்சது நானு."

"வேல போயிரும்."

"போவட்டுங்க."

மெஷினை அணைத்து மறுபடி போட்டு, அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்து அச்சுக்குக் கொடுத்தாள்.

நாற்பத்தொன்றைத் தாண்டி, பட்டியலின் அறுபது பெயரும் தடங்கலில்லாமல் வந்தன. உளிச் சத்தம் நின்றது.

தீர்த்தகிரி தாளைப் பிடுங்கினார். அவள் மறுமுனையை விடவில்லை.

"விடும்மா!"

"மாட்டேனுங்க."

சென்னப்பன் பெயருக்கு எதிரே, கைநாட்டுக் கட்டத்தில், தீர்த்தகிரியின் கட்டைவிரல் அழுந்தியிருந்தது. எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

தாளுக்கு அடியிலிருந்து ஏதோ புடைத்தது. இன்னொரு கட்டைவிரல். அடியில் யாருமில்லை.

அவர் நகம் வெளுத்தது. கறுத்தது. கத்த வாய் திறந்தார். சத்தம் வரவில்லை.

ராஜமேரி பல்லைக் கடித்துக்கொண்டு தாளைப் பிடித்தே நின்றாள்.

அவர் விரல் மெல்ல, மெல்ல, தட்டையாகிக்கொண்டிருந்தது.