கடதாசியில் கிடந்த வாவி

"கடதாசித் தலையை மேற்குப் பக்கம் வை, மகள்," என்றார் வாப்பா.

றஸீனா மடியில் இருந்த கடதாசியின் மேல்பக்கத்தை மேற்கே திருப்பினாள். தோணியும் மேற்கே பார்த்துத்தான் நின்றது.

"தொழவும் மேற்கே பார்த்துத்தானே நிற்கிறம்? கடதாசி மட்டும் வேற பக்கம் பார்க்கலாமா?" என்றார் வாப்பா.

வாப்பா ஆதம்பாவா காத்தான்குடியில் புடவை நெய்கிறவர். தறியில் இருந்தால் ஒரு இழை தப்பாது. வாவியில் இறங்கினால் எல்லாம் தப்பும். அவருக்கு எழுத்தும் தெரியாது. றஸீனா நாலாம் வகுப்பு.

அக்கரையில் நல்லரத்தினம் என்பவரின் தங்கைக்கு மறுநாள் காலையில் கலியாணம். கூறைப்புடவை வாப்பா நெய்தது. பொழுது படுமுன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நல்லரத்தினம் நிலம் அளக்கிறவர்களோடு சங்கிலி இழுக்கிறவர். அவர்களைப் பார்த்துத் தானும் ஒரு படம் கீறி, "இதைப் பிடிச்சு வாங்க காக்கா" என்று அண்ணன் முறை சொல்லிக் கொடுத்திருந்தார்.

படத்தில் வாவி புடலங்காய் மாதிரி நீண்டு கிடந்தது. கீழே ஒரு புள்ளி, காத்தான்குடி. மேலே ஒரு புள்ளி, கலியாண வீட்டுத் துறை.

றஸீனா நிமிர்ந்து பார்த்தாள். சோற்றுத் தட்டுப் போல வட்டமாகத் தண்ணீர்தான் தெரிந்தது.

"வாப்பா, இதுவா நம்மட வாவி? வாலைக் காணல்லியே."

"தண்ணிக்கு ஏது வால்? புள்ளி மேலேதானே? நேரே போவம்."

வாப்பா கோலை ஊன்றினார். தோணி நேரே போய் அக்கரையில் முட்டியது. அங்கே துறையும் இல்லை, வீடும் இல்லை. ஆறு எருமைகள் சேற்றில் கிடந்தன.

"கலியாண வீடு எங்கே?" என்று வாப்பா கேட்டார். ஒரு எருமை காதை ஆட்டியது.

"நல்லரத்தினம் பிழையாக் கீறிட்டான். திரும்பிப் போவம், மகள்."

"அப்ப நாளைக்கு அந்த அக்கா எதை உடுப்பா?"

வாப்பா புடவைப் பொதியைத் தொட்டுப் பார்த்தார்.

றஸீனா படத்தை மறுபடி பார்த்தாள். தலை சுற்றியது. புள்ளி இருக்கிறது, ஊர் இல்லை. ஊர் இருந்தால் எங்கே? வாவியின் இடது ஓரத்தில் எறும்பு மாதிரி எழுத்துகள் இருந்தன. கூட்டி வாசித்தாள். படுவான்கரை.

"வாப்பா, நாம எந்தக் கரையில நிற்கிறம்?"

"படுவான்கரையில. பொழுது படுற பக்கம். இதையும் கேட்க வேணுமா?"

"படத்தில அது இடப்பக்கம் கிடக்கு. பொழுது நமக்கு முன்னாலயல்லவா படுது?"

வாப்பா சூரியனைப் பார்த்தார். கடதாசியைப் பார்த்தார். தாடியைச் சொறிந்தார்.

றஸீனா கடதாசியை மெல்லத் திருப்பினாள். படுவான்கரை சூரியனுக்கு நேரே வந்தது. எழுத்தெல்லாம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டன. மேலே இருந்த புள்ளி வலப்பக்கம் போயிற்று.

"தலை மேற்கே இல்லியே, மகள்!"

"கடதாசி தொழ வரல்ல, வாப்பா. வழி காட்ட வந்திருக்கு."

வாப்பா சிரித்துவிட்டார். கோலை ஊன்றினார். தோணி வலப்பக்கம் திரும்பிக் கரையோரமாகப் போயிற்று. படத்தில் ஒரு வளைவு வந்தது. தண்ணீரிலும் வந்தது. படத்தில் விரல் மாதிரி ஒரு ஓடை. அதோ, ஓடை!

"அப்ப புடலங்காய் எங்கே, மகள்?" என்றார் வாப்பா.

றஸீனா யோசித்தாள். "அதுக்குள்ளதான் நாம போறம் போல. உள்ளே இருந்தா முழுசாத் தெரியாதுதானே?"

அவளுக்கே அது பாதிதான் விளங்கியது.

ஓடையைத் தாண்டியதும் மேளம் கேட்டது. துறையில் நல்லரத்தினம் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கலியாணப் பெண் ஓடிவந்தாள். புடவைப் பொதியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வராது எண்டே நினைச்சிட்டன்," என்றாள்.

"நாங்களும்தான்," என்றாள் றஸீனா.