மங்களம் பாடாமல் விட்ட வச்சிரவல்லி

மிச்சமிருக்கும் என் நாலு பல்லின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

திருவொற்றியூரில் தாமோதரன் வீட்டுக்கு அன்றைக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாலை நாலு மணி. உள் அறையில் மகள் ஜெயஸ்ரீ புடவை கட்டிக்கொண்டிருக்க, மூடிய கதவுக்குப் பின்னால் சலங்கை ஒரே ஒரு தரம் குலுங்கியது. வீட்டில் சலங்கை கிடையாது. சலங்கை, கிரீடம் எல்லாம் கூத்து வாத்தியார் வீட்டுப் பெட்டியில்.

தாமோதரனுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. திருவிழா வந்தால் கூத்தில் பெண் வேஷம். போன வாரம் கட்டியது இளவரசி வச்சிரவல்லி. சுயம்வரத்தில் ஐம்பத்தாறு ராஜாக்களையும் நிற்கவைத்து, மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, சிம்மாசனத்தில் ஏறி உட்காருகிறவள். விடியற்காலையில் அவள் உட்கார்ந்த நேரம் பார்த்து மழை கொட்டியது, ஜனம் கலைந்தது. மங்களம் பாடி வேஷத்தை இறக்கி அனுப்ப வேண்டும், அதுதான் முறை. காலை ஷிப்டுக்கு நேரமாகிறதென்று தாமோதரன் அடிபம்பில் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடிவிட்டான்.

இப்போது தேங்காயெண்ணெயும் அரிதாரமும் கலந்த அந்தப் பழகின வாசனை, லாரிகள் கிளப்பும் நிலக்கரித் தூசியையும் ஹாலில் ஆறும் பஜ்ஜி மணத்தையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, கதவிடுக்கு வழியாக, ஓர் ஆள் நடந்து வருவதுபோல நிதானமாக வந்தது.

"இன்னா சம்மந்தி, பொண்ணு வருமா, இல்ல நாங்க பஜ்ஜியக் கட்டிக்கினு கெளம்பட்டா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா கோதண்டம். எல்லாரும் சிரித்தார்கள்.

தாமோதரன் கதவில் வாய் வைத்தான். "ஜெயா, வாம்மா."

"யாரைக் கேட்டு அழைத்தாய்?"

கதவுக்குள்ளிருந்து வந்தது அவன் குரல். மேடையில் அவன் போடும் அதே பெண்குரல்.

மங்களம் பாட வாயெடுத்தான். முதல் அடி வந்தது. இரண்டாவது வரவில்லை. முப்பது வருஷமாக அதை வாத்தியார்தான் பாடினார். இவன் பின்பாட்டில் வாயசைத்தவன். வாத்தியாருக்குப் போன் போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"நீ யாரையும் கட்டிக்க வேணாம் தாயி," என்று கதவிடம் கெஞ்சினான். "இவங்கள நானே அனுப்பிடறேன். எம் பொண்ண மட்டும் வுட்டுட்டுப் போ."

"போகச் சொல்லிப் பாடு."

முதல் அடியையே பாடினான். மறுபடி. மறுபடியும் அதையே. ஹாலில் சிரிப்பு நின்றது.

தாழ் விலகியது.

ஜெயஸ்ரீயின் பட்டுப்புடவை. மேலே அரிதாரம் பூசிய முகம். மோவாயிலிருந்து போன வார மழை சொட்டியது. அவள் அவனைத் தாண்டிப் போய், கோதண்டத்தைப் பார்வையாலேயே எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திறந்த அறை. கட்டில். நைட்டியில் ஜெயஸ்ரீ, தலை வாரிக்கொண்டு.

கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. எண்ணெய் தொட்டுத் துடைத்தெடுத்த மாதிரி வழவழப்பு.

சீப்பு மட்டும் ஏறி இறங்கியது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: தாமோதரனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது, கல்யாணமே ஆகவில்லை.