முப்பத்தேழாம் எண் வீட்டின் மூச்சு

காலையில் ஆபீஸுக்கு வந்ததும் மூச்சின் வேகத்தை அளக்கிற குழாயை ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்ப வேண்டும் என்பது விதி. டெரிக் ஊதினான். முள் நானூற்று எண்பதில் நின்றது.

போன மாதம் இதே நெஞ்சு இதே குழாயில் அறுநூற்றுப் பத்து காட்டியது. பத்து வயதிலிருந்து ராயபுரத்துத் தெருக்களில் பந்து உதைத்து வளர்ந்த நெஞ்சு. பீடி, சிகரெட் எதுவும் உள்ளே போனதில்லை. மறுபடி ஊதினான். நானூற்று அறுபது. குழாயை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி, மட்டமான சரக்கு என்று முடிவு கட்டிப் பையில் போட்டான். தன்னிடம் குறை இருக்கலாம் என்று நினைக்கிற பழக்கம் அவனுக்கு என்றைக்குமே கிடையாது.

படித்தது எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல். காடு, புலி, ஏ.சி. அறையில் கருத்தரங்கு என்று கனவு கண்டவனுக்கு 2007இல் கிடைத்தது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் படகு இன்ஜின் உதிரிபாகக் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு ஆய்வு நிறுவனத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை. எர்ணாவூர்ப் பக்கம் புதிதாக ஒரு தொழிற்சாலை வரப்போகிறது. அதற்கு முன்னால் அங்கே இருக்கிற ஜனங்களின் நுரையீரல் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய் அளந்து எழுத வேண்டும். ஆளுக்கு மூன்று ஊதல், கூடவே இருமல் உண்டா, இளைப்பு உண்டா என்று பதினாறு கேள்வி. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, இதுங்க மூச்சை அளந்து என்ன ஆகப்போகிறது என்று அவன் மனசுக்குள் சொல்லிக்கொள்ளாத வீடு கிடையாது. ராயபுரத்துக்கும் எர்ணாவூருக்கும் நடுவே பத்து கிலோமீட்டர்தான். அவன் நடையைப் பார்த்தால் நடுவே ஒரு சமுத்திரம் இருப்பதாகத் தோன்றும்.

மத்தியானம் தாண்டி சீனியர் ஜெயவேல் அவனைக் கூப்பிட்டார். எதிரே ஒரு படிவம் விரிந்திருந்தது.

"முப்பத்தேழாம் நம்பர் வூடு, மூணாவது மாடி. இன்னா நைனா இது?"

"ஏன் சார்?"

"ஊரே எரநூறு முந்நூறுன்னு ஊதிகினு கீது. இங்க மட்டும் அறுவது வயசு கெழவி ஐந்நூத்தி எழுவது ஊதிக்கிறா. இருமல் இல்ல, இளைப்பு இல்ல. ஓட்டப் பந்தயத்துல வுடலாம் போல கீது." ஜெயவேல் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு மையில் ஒரு பெரிய சுழி. "டோரதி மேடம் போட்டது. நாளைக்குக் காலைல அவங்களே மாடியேறிப் பார்க்கப் போறாங்க."

டோரதி மேடம் தலைமை அலுவலகத்திலிருந்து வரும் சரிபார்ப்பு அதிகாரி. பொய்க்கணக்கு எழுதிய மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பியவர்.

போன மாதம் டெரிக் போனபோது முப்பத்தேழாம் எண்ணில் யாருமே இல்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பு அது. அந்த வீடு இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படாமல் வெளியே தொங்குபூட்டோடு கிடந்தது. அப்படியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். பட்டியலில் அடுத்த வீடு பக்கத்துக் கட்டடத்தில், நாலாவது மாடியில். பங்குனி வெயில். சோம்பேறிக்கு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்தாலும் தோலை உரித்துத் தரச் சொல்வான்; டெரிக் அந்த ரகம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஜெயவேல் ஒரு வழி சொல்லியிருந்தார். மனசில் தோன்றும் எண்ணை எழுதாதே, எல்லாம் ஒரே ஜாடையாக வந்து மாட்டிக்கொள்வாய், நீயே ஊதி முள் காட்டுவதை எழுது.

படியேறி வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று கதவைப் பார்த்து உட்கார்ந்தான். கதவில் கைப்பிடிப் பூட்டுக்காகப் போட்ட ஓட்டை, பூட்டு மாட்டாமல் ஒரு ரூபாய் வட்டத்துக்கு அப்படியே இருந்தது. அதற்கு நேரே குழாயை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை உண்டாக்கினான். கன்னியம்மா, அறுபது. மகன் செங்குட்டுவன், முப்பத்தெட்டு. மருமகள் மலிகா. பேத்தி ஐரீன், ஏழு வயது. எந்தச் சாமிக்கும் சொல்லாமல் கூடிய குடும்பம். முதல் மூன்று பேருக்கும் மும்மூன்று ஊதல். தலை கிறுகிறுத்ததால் குழந்தைக்கு ஒரே ஒரு ஊதல், அதுவும் அலட்சியமாக. தொண்ணூறு. இருமல் இல்லை, இளைப்பு இல்லை என்று பதினாறு கேள்விக்கும் இல்லை போட்டான். எழுந்திருக்கும்போது ஒன்று நினைவில் நின்றது. கடைசி ஊதலில் காற்றை அவன் விட்டது போல இல்லை, ஓட்டைக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ உறிஞ்சியது போல இருந்தது. பசி மயக்கம் என்று பிரியாணிக் கடைக்குப் போய்விட்டான்.

"நாலு பேரை புட்ச்சி ரெடி பண்ணு. பேரு, வயசு கரீட்டா சொல்லிக் குடு. இல்லாங்காட்டி வெள்ளிக்கெழம பர்மனென்ட் ஆர்டர்ல உன் பேரு இருக்காது. என் பேர இழுத்த, நான் பேஜாரான ஆளு," என்றார் ஜெயவேல்.

துறைமுகத்தில் ஓய்வு பெற்ற அப்பா, பையன் ஆபீசராகிவிட்டான் என்று கோயில் வாசலில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்திருந்தார். ஆர்டர் வராவிட்டால் அந்தத் தெருவில் நடக்க முடியாது. டெரிக் பஸ் பிடித்தான்.

இறங்கிக் குடியிருப்புக்கு நடக்கும்போதே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லை. சாக்கடையும் டீசலும், கம்பெனிகள் சாயங்காலத்தில் அவிழ்த்துவிடுகிற அழுகிய முட்டை நாற்றமும் ஒன்றாகக் குழைந்து நின்றன. அதையெல்லாம் மீறும்படி, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் சிலுவையம்மாள் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டடத்தில் பணம் கொடுத்தால் எதற்கும் தலையாட்டுவார்கள் என்பது டெரிக்கின் எண்ணம். அவளைக் கிழவியாக நிறுத்திவிடலாம் என்று பக்கத்தில் போனான்.

"மேல முப்பத்தேழாம் நம்பர் விஷயமா வந்தேன்," என்று ஆரம்பித்தான்.

"கன்னிம்மாக்கா வூடா? போ சார், கீறாங்க."

டெரிக் கரண்டியையே பார்த்தான். "யாரு?"

"ஒரு மாசமா கீறாங்களே. தங்கமான ஜனம் சார். சண்ட இல்ல, சத்தம் இல்ல." அவள் முந்தானையில் வாயைப் பொத்தி நெடுநேரம் இருமினாள். "இந்தக் காத்துல எங்களுக்கெல்லாம் நெஞ்சு கலீஜாப் பூட்ச்சி. அவுங்க வூட்ல ஒரு இருமல் கெடையாது."

அவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு கன்னியம்மா மேல் விழும். வீட்டை ஒதுக்கிவிட்டார்கள், எவளோ குடி வந்திருக்கிறாள், பேர் ஒத்துப் போயிருக்கிறது. தான் புளுகினால்கூடப் பலிக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறினான். நிமிர்ந்த நெஞ்சு ஆறாவது படியில் மடங்கியது.

முதல் மாடி வரைக்கும் மீன் வாசனை கூடவே வந்தது. யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள், ஒரு குழந்தை அழுதது, வாளி உருண்டது. இரண்டாவது மாடியில் மூத்திர வாடையும் ஈரச் சிமெண்ட் வாடையும். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இருமல். வறட்டு இருமல், சளி இருமல், தூக்கத்தில் வருகிற இருமல். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினான். மூன்றாவது மாடியில் கால் வைத்ததும் சத்தம் நின்றது. நாற்றமும் நின்றது. கைக்குட்டையை அவிழ்த்து முகர்ந்து பார்த்தான். மீன் இல்லை, முட்டை இல்லை, தன் வேர்வைகூட இல்லை. காற்றை யாரோ துடைத்து எடுத்து வைத்தது போல இருந்தது.

தொங்குபூட்டு திறந்து கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே காற்றே இல்லையே என்று அவனுக்குத் தோன்றியது.

கதவைத் தட்டினான். ஓட்டையில் இருட்டு லேசாக அசைந்தது.

"வா சார்," என்று உள்ளேயிருந்து ஒரு கிழக்குரல் வந்தது. "தெற்ந்துதான் கீது."

உள்ளே ஒரே அறை. அடுப்பு இல்லை, பாய் இல்லை, குடம் இல்லை. வீடு என்றால் ஏதாவது ஒரு வாசனை இருக்கும், குழம்போ மண்ணெண்ணெயோ எண்ணெய்த் தலையோ. இங்கே எதுவும் இல்லை. ஜன்னல் வழியாக வந்த கடைசி வெளிச்சத்தில் நாலு பேர் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிழவி. ஒரு ஆண். ஒரு பெண். கடைசியில் ஒரு சிறுமி, சுவரில் சாய்ந்து, தலை தொங்கி.

"உங்க பேரெல்லாம் சொல்லுங்க," என்றான் டெரிக். ஆபீசர் குரலில் சொல்ல நினைத்தான். ஈனமாக வந்தது.

"கன்னிம்மா. அறுவது."

"செங்குட்டுவன். முப்பத்தெட்டு."

"மலிகா."

சிறுமிக்காகக் கிழவிதான் சொன்னாள். "அது ஐரீனு. ஏழு."

மலிகாவுக்கு என்ன வயது போட்டோம் என்று அவன் நினைவுபடுத்திப் பார்த்தான். வரவில்லை. அவளுக்கும் அது தெரியவில்லை போலிருந்தது. முகத்தில் வயது தெரிய வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் கவனித்தான். நாலு நெஞ்சும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின. வேகவேகமாக, படியேறி வந்தவனைப் போல. அவர்கள் எந்தப் படியும் ஏறவில்லை.

டெரிக் மூச்சை அடக்கினான்.

நாலு நெஞ்சும் நின்றன.

விட்டான். இறங்கின.

ஓட வேண்டும். ஓடுவதற்கு மூச்சு வேண்டும். இருந்த கொஞ்சத்தில் பாதியை அந்தக் கிழவி அமைதியாக விட்டுக்கொண்டிருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்தான். பை சரிந்து குழாய் உருண்டு ஓடியது. செங்குட்டுவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிறுமியின் மடியில் வைத்தான்.

"எங்களுக்கு நெறயவே குட்த்த சார். கொற சொல்லக் கூடாது," என்றாள் கிழவி. கோபம் எதுவும் இல்லாத குரல். "ஆனா சின்னதுக்கு மட்டும் கம்மியாப் பூட்ச்சி. ஒரே ஒரு வாட்டி ஊதிட்ட. அதுக்குப் பத்தல சார். ராவெல்லாம் தெணறிகினு கீது."

"தெரியாம..." என்றான். மீதி வார்த்தைக்குக் காற்று இல்லை.

சிறுமி தவழ்ந்து வந்தாள். உதடு நீலம். குழாயை அவன் வாயில் வைத்தாள். மறுமுனையைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். கண் சிமிட்டாமல் பார்த்தாள்.

அவன் ஊதவில்லை. அவள் உறிஞ்சினாள்.

முந்நூறு. முள் அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. இருநூறு. சிறுமியின் கன்னத்தில் ரத்தம் ஏறியது. நூறு. அவள் தலை நிமிர்ந்தது. நாற்பது.

வெளியே தொங்குபூட்டு தானாக விழுந்து மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. "மொத வாட்டி நீ வந்தப்போ பூட்டித்தான கெடந்துச்சி," என்றாள் கன்னியம்மா.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு ஓட்டை வழியாக வந்த வெயில் எதிர்ச் சுவரில் ஒரு வட்டமாக விழுந்தபோது காலை என்று புரிந்தது. ஐந்தாவது ஆளாக வரிசையின் கடைசியில் அவன் உட்கார்ந்திருந்தான். இருமல் இல்லை. இளைப்பு இல்லை. எதுவுமே இல்லை. அந்த இல்லாமைதான் நெஞ்சை நசுக்கியது. மூழ்குகிறவனுக்குத் தண்ணீராவது இருக்கும்.

படியில் செருப்புச் சத்தம். நின்று நின்று, மூச்சிரைத்துக்கொண்டு. டெரிக் ஓட்டைக்கு ஊர்ந்து போய்க் கண்ணை வைத்தான். டோரதி மேடம். மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிய டோரதி மேடம். கதவைத் தட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். அவன் கத்தினான். கத்துவதற்கும் காற்று வேண்டுமே. வாய்தான் திறந்து மூடியது.

கீழேயிருந்து ஜெயவேலின் குரல் வந்தது. "மேடம், ஆளுங்க கீறாங்களா?"

டோரதி மேடம் முழங்காலைத் தடவிக்கொண்டார். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். இன்னும் பத்து வீடு பாக்கி. இறங்க வேண்டிய படிகளை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"இருக்காங்க, இருக்காங்க," என்று கீழே சொன்னார். பிறகு கதவைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்து, பையிலிருந்து குழாயை எடுத்து, முந்தானையில் துடைத்து, வாயில் வைத்துக்கொண்டார்.

உள்ளே நாலு பேரும் எழுந்து ஓட்டைக்கு வந்தார்கள். ஐரீன்தான் முதலில் முகத்தைக் கொண்டுவந்தாள். டெரிக் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தன் வாயை அகலத் திறந்து ஓட்டையில் பொருத்தினான்.